மோடத்தில் விளக்கு எரிகிறது, நெட் ஏன் வரவில்லை?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "மோடத்தில் விளக்கு எல்லாம் சரியாக எரிகிறது. ஆனால் நெட் வரவில்லை. விண்டோஸை மறுபடியும் போட்டுவிடலாமா?"

வேண்டாம். அவசரப்பட்டு அதைச் செய்து விடாதீர்கள். மோடத்தில் டி.எஸ்.எல். விளக்கு நிலையாக எரிந்தும் நெட் வரவில்லை என்றால், பல வேளைகளில் கோளாறு உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பதில்லை. உங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு கட்டடத்தில், உங்கள் தொலைபேசி எண்ணுக்கு எதிரே பதிவு செய்யப்பட்டிருக்கும் ஒரு வரியில் இருக்கிறது. அந்த வரியை நீங்கள் பார்த்ததில்லை. யாரும் உங்களுக்குக் காட்டியதும் இல்லை. பணம் கட்டும் நமக்கு அதைக் காட்ட வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது.

அத்தான் வீட்டில் நடந்தது

2009ஆம் ஆண்டு, என் அக்கா வீட்டில் நடந்ததை முதலில் சொல்லி விடுகிறேன். மழையில் தெருவில் கேபிள் பழுதாகி, போனும் நெட்டும் சேர்ந்தே போய்விட்டன. லைன்மேன் வந்தார், மழையில் நனைந்தபடி வேலை பார்த்தார், போன் வந்துவிட்டது. மோடத்திலும் விளக்கு எரிந்தது. நெட் மட்டும் வரவில்லை. கம்ப்யூட்டரில் இணைப்பை அழுத்தினால் "எரர் 691" என்று வந்தது.

அத்தான் கஸ்டமர் கேருக்குப் போன் செய்தார். மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார்கள். பாஸ்வேர்டைச் சரியாக டைப் செய்கிறீர்களா என்று கேட்டார்கள். மறுநாள் வேறொருவர் பேசினார். அவரும் மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார். ஐந்தாவது நாள், "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, உங்கள் கம்ப்யூட்டரில்தான் பிரச்னை" என்று சொல்லி விட்டார்கள். அத்தான் அதை நம்பி, தெருமுனையில் இருந்த கம்ப்யூட்டர் கடையில் கொடுத்து 300 ரூபாய்க்கு பார்மட் செய்து வாங்கி வந்தார். நெட் அப்போதும் வரவில்லை. ஆனால் அக்கா மகளின் கல்லூரி இறுதியாண்டு புராஜெக்ட், டெஸ்க்டாப்பில் ஒரு போல்டரில் இருந்தது. அது போய்விட்டது. "மாமா, மூன்று மாத வேலை" என்று அவள் போனில் அழுத பிறகுதான் எனக்கே விஷயம் தெரியும்.

நான் அத்தானை அழைத்துக்கொண்டு நேரே எக்சேஞ்சுக்குப் போனேன். அங்கிருந்த ஊழியர் ஒரு நோட்டைப் புரட்டினார். பிறகு இன்னொரு அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டார். கேபிள் பழுது பார்த்தபோது எங்கள் லைனை எக்சேஞ்சில் வேறு ஒரு போர்ட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். நோட்டில் அது எழுதப்பட்டிருந்தது. சிஸ்டத்தில் பழைய போர்ட்டே இருந்தது. அத்தானின் யூசர் நேம் அந்தப் பழைய போர்ட்டோடு பூட்டப்பட்டிருந்தது. புதிய போர்ட்டிலிருந்து வந்ததால் "யாரோ ஒருவர்" என்று சர்வர் விரட்டிக் கொண்டே இருந்திருக்கிறது. போனிலேயே எண்ணை மாற்றச் சொன்னார். இரண்டு நிமிடத்தில் நெட் வந்துவிட்டது.

இரண்டு நிமிட வேலைக்கு பதினொரு நாள் ஆனது. போன புராஜெக்ட் திரும்பவில்லை. இதில் லைன்மேன் மீது தவறு சொல்ல மாட்டேன். அவர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். கஸ்டமர் கேரில் பேசியவரும் பொய் சொல்லவில்லை. அவருடைய திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்திருக்கும். திரையில் ஒன்று, இரும்பு அலமாரியில் வேறொன்று. இதுதான் நோய்.

புரொவிஷனிங் என்றால் என்ன?

புரொவிஷன் என்றதும் நமக்கு மளிகைக் கடை ஞாபகம்தான் வரும். இந்தப் புரொவிஷனிங் வேறு. நீங்கள் இணைப்புக்கு விண்ணப்பம் கொடுத்ததிலிருந்து, உங்கள் வீட்டில் நெட் வரும் வரை, நிறுவனத்தின் கருவிகள் ஒவ்வொன்றிலும் உங்களுக்காகச் செய்ய வேண்டிய செட்டிங்குகளைச் செய்து, அவற்றைப் பதிவு செய்து வைக்கும் வேலைக்குத்தான் அந்தப் பெயர். இதற்கென்று தனி சாப்ட்வேர் உண்டு. அதுவே புரொவிஷனிங் சிஸ்டம்.

உங்கள் வீட்டு லைன் எப்படிப் போகிறது என்று பார்ப்போமா? மோடத்திலிருந்து கிளம்பும் செம்புக் கம்பி, தெருவில் உள்ள டி.பி. பாக்ஸ், பில்லர் பாக்ஸ் வழியாக எக்சேஞ்சுக்குப் போகிறது. அங்கே எம்.டி.எஃப். என்ற பெரிய சட்டத்தில் ஏறி, டிஸ்லாம் என்ற கருவியின் ஒரு போர்ட்டில் முடிகிறது. ஒரே கம்பியில் குரலும் டேட்டாவும் போகின்றன. குரலுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் வரை போதும். ஏ.டி.எஸ்.எல். அதற்கு மேலே, சுமார் 26 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை எடுத்துக் கொள்கிறது. இரண்டையும் பிரிப்பதுதான் உங்கள் வீட்டில் மாட்டிய ஸ்ப்ளிட்டர். டிஸ்லாம், நூற்றுக்கணக்கான வீடுகளின் டேட்டாவைச் சேர்த்து பிராஸ் என்ற இன்னொரு கருவிக்கு அனுப்புகிறது. பிராஸ் உங்கள் யூசர் நேமையும் பாஸ்வேர்டையும் வாங்கி, ரேடியஸ் சர்வரிடம் "இவரை உள்ளே விடலாமா?" என்று கேட்கிறது. சர்வர் சரி என்றால்தான் உங்களுக்கு இன்டர்நெட்.

ஆக, குறைந்தது நான்கு இடங்களில் உங்களைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

முதலாவது, எந்தக் கம்பி எந்த போர்ட்டில் இருக்கிறது என்ற பதிவு. இரண்டாவது, அந்த போர்ட்டுக்கான புரபைல். அதிகபட்ச வேகம், இரைச்சலைத் தாங்க விட்டுவைக்கும் இடைவெளி போன்றவை அதில் இருக்கும். மூன்றாவது, போர்ட்டிலிருந்து பிராஸுக்குப் போகும் பாதை. ஏ.டி.எஸ்.எல். இணைப்பில் இது வி.பி.ஐ., வி.சி.ஐ. என்ற இரண்டு எண்களால் குறிக்கப்படும். நான்காவது, ரேடியஸ் சர்வரில் உங்கள் கணக்கு. அதாவது யூசர் நேம், திட்டம், எந்த போர்ட்டிலிருந்து வர அனுமதி என்பன.

இந்த நான்கும் ஒத்துப் போனால் நெட் வரும். ஒன்று மாறி மற்றது மாறாவிட்டால் வராது, அல்லது அரைகுறையாக வரும். பெரிய நிறுவனங்களில் நான்கையும் ஒரே சாப்ட்வேர் ஒரே ஆணையில் மாற்றிவிடும் என்பார்கள். ஆனால் மழையில் நின்று ஒருவர் கையால் கம்பியை மாற்றிக் கட்டுவதை எந்த சாப்ட்வேரும் தானாகத் தெரிந்து கொள்ளாது. யாராவது போய்ச் சொன்னால்தான் உண்டு.

யூசர் நேமை போர்ட்டோடு பூட்டுவது ஏன் என்று கேட்கலாம். அதற்கும் காரணம் உண்டு. மாதம் 400 மெகாபைட், 1 ஜிபி என்று அளவு வைத்த திட்டங்கள் இருந்த காலம் அது. உங்கள் பாஸ்வேர்டு திருடு போனால், வேறு யாரோ பயன்படுத்தியதற்கு உங்கள் வீட்டுக்கு பில் வரும். அதைத் தடுக்கத்தான் பூட்டு. பூட்டு நல்லதுதான். வீட்டுக்காரரையே வெளியே நிறுத்திப் பூட்டிவிட்டு, "சாவி உங்களிடம்தான் இருக்கிறது, தேடுங்கள்" என்று சொல்வதுதான் தவறு.

எரர் எண்கள் சொல்லும் சேதி

கம்ப்யூட்டர் நமக்குப் பொய் சொல்வதில்லை. நாம்தான் அது சொல்வதைப் படிப்பதில்லை. மோடம் பிரிட்ஜ் முறையில் இருந்து, கம்ப்யூட்டரிலிருந்தே இணைப்பை அழுத்துபவர்கள் இரண்டு எண்களை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

விண்டோஸ் எக்ஸ்பியில் எரர் 678 என்று வந்தது, விண்டோஸ் 7 முதல் பெரும்பாலும் 651 என்று வருகிறது. மறுமுனை பதில் சொல்லவில்லை என்று இதற்குப் பொருள். டி.எஸ்.எல். விளக்கே எரியவில்லை என்றால் கம்பியைப் பாருங்கள். விளக்கு நிலையாக எரிந்தும் இந்த எண் வந்தால், மோடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே உள்ள கேபிளைச் சரி பாருங்கள். பிறகு மோடத்தில் வி.பி.ஐ., வி.சி.ஐ. எண்களைப் பாருங்கள். இவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பி.எஸ்.என்.எல். டி.எஸ்.எல். இணைப்புகளில் 0, 35. பிரிட்டனில் 0, 38. ஜெர்மனியில் டாய்ச் டெலிகாம் இணைப்புகளில் 1, 32. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டு வந்த மோடம் இங்கே வேலை செய்யாததற்குப் பல நேரங்களில் இந்த எண்கள்தான் காரணம். இவையும் சரியாக இருந்தால், போர்ட்டிலிருந்து பிராஸ் வரையிலான பாதையில்தான் கோளாறு. அது நிறுவனத்தின் வேலை.

எரர் 691 என்றால், மறுமுனை பதில் சொல்லிவிட்டது, ஆனால் உள்ளே விட மறுக்கிறது என்று பொருள். அதாவது கம்பி சரி, மோடம் சரி, பாதையும் சரி. மிச்சம் இருப்பது பாஸ்வேர்டு, பில் பாக்கி, அல்லது அத்தான் வீட்டில் நடந்ததைப் போல போர்ட் பூட்டு. இந்த எண்ணைப் பார்த்த பிறகும் ஒருவர் உங்களிடம் கம்ப்யூட்டரை பார்மட் செய்யச் சொன்னால், அவருடைய பேச்சைக் கேட்காதீர்கள்.

மோடமே டயல் செய்யும் ரூட்டர் முறையில் உள்ளவர்களுக்கு இந்த எண்கள் திரையில் வராது. அவர்கள் மோடத்தின் பக்கத்தில் இணைப்பு நிலையைப் பார்க்க வேண்டும். அதை எப்படித் திறப்பது என்று அடுத்துச் சொல்கிறேன்.

வேகம் குறைவு, யார் பொறுப்பு?

நெட் வராததை விட மோசமானது, குறைவாக வருவது. ஏனென்றால் பலருக்கு அது குறைவு என்பதே தெரியாது. திட்டத்தை மாற்றி எழுதிக் கொடுத்திருப்பார்கள். பில்லில் புதிய கட்டணம் ஏறியிருக்கும். போர்ட்டில் பழைய புரபைலே இருக்கும். மாதா மாதம் 2 மெகாபிட்டுக்குப் பணம் கட்டிக்கொண்டு 512 கிலோபிட்டில் ஓட்டியவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். பிரவுசரைத் திறந்து, அட்ரஸ் பாரில் 192.168.1.1 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். சில மோடங்களில் வேறு எண் இருக்கும். மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். உள்ளே போனதும் ஸ்டேட்டஸ் அல்லது டி.எஸ்.எல். என்ற பக்கத்தில் மூன்று எண்களைக் குறித்துக் கொள்ளுங்கள். டவுன்ஸ்ட்ரீம் ரேட், எஸ்.என்.ஆர். மார்ஜின், அட்டெனுவேஷன். எதையும் மாற்ற வேண்டாம், பார்த்தால் போதும்.

டவுன்ஸ்ட்ரீம் ரேட் என்பது மோடமும் டிஸ்லாமும் ஒத்துக்கொண்ட வேகம். அட்டெனுவேஷன் என்பது வழியில் சிக்னல் எவ்வளவு தேய்ந்தது என்ற கணக்கு. அரை மில்லிமீட்டர் கம்பியில் கிலோமீட்டருக்குச் சுமார் 14 டெசிபெல் என்று உத்தேசமாக வைத்துக் கொள்ளலாம். 42 என்று இருந்தால் எக்சேஞ்சிலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர் கம்பி என்று பொருள். மார்ஜின் என்பது, இரைச்சலைத் தாங்க மிச்சம் இருக்கும் இடைவெளி. பொதுவாக 6 டெசிபெல் விட்டுவைத்து மீதியை வேகத்துக்குப் பயன்படுத்துமாறு புரபைலை அமைப்பார்கள்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வேகம் குறைவு, மார்ஜினும் 6 அளவில்தான் இருக்கிறது என்றால், கம்பி தன்னால் முடிந்ததைக் கொடுத்துவிட்டது. தூரமோ, பழைய ஜாயின்ட்டோ, வீட்டுக்குள் போட்ட மட்டமான ஒயரோ காரணம். வேகம் குறைவு, ஆனால் மார்ஜின் 20, 25 என்று தாராளமாக இருக்கிறது என்றால், கம்பி இன்னும் கொடுக்கத் தயாராக இருக்கிறது, போர்ட்டில் யாரோ கட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அது புரபைல். அதை எக்சேஞ்சில் உட்கார்ந்தபடியே மாற்றலாம். உங்கள் வீட்டுக்கு யாரும் வர வேண்டிய அவசியமே இல்லை.

சில நிறுவனங்கள் போர்ட்டில் வேகத்தைக் கட்டாமல், ரேடியஸ் கணக்கில் கட்டி வைப்பார்கள். அங்கே டவுன்ஸ்ட்ரீம் ரேட் உங்கள் திட்டத்தை விட அதிகமாகவே தெரியும், டவுன்லோட் மட்டும் குறையும். அப்போது பார்க்க வேண்டிய இடம் கணக்கு, போர்ட் அல்ல.

ஒரு எச்சரிக்கை. பிட், பைட் குழப்பத்தில் நிறுவனத்தோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 2 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 250 கிலோபைட்தான் உச்சம். ஏ.டி.எஸ்.எல்.லில் டேட்டா 53 பைட் கொண்ட சிறு செல்களாக வெட்டப்பட்டுப் போகிறது. அதில் 5 பைட் முகவரிக்கே போய்விடும். மற்ற செலவுகளும் போக 210, 220 கிலோபைட் வந்தால் நியாயமான வேகம்தான்.

வீட்டுக்கு ஓர் இணைப்பு அட்டை

இனி என் கருத்துக்கு வருகிறேன். மின்வாரியம் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு ஒரு வெள்ளை அட்டை கொடுத்து வைத்திருந்தது நினைவிருக்கிறதா? கணக்கெடுப்பவர் வந்து மீட்டரைப் பார்த்து, அந்த அட்டையில் எழுதி விட்டுப் போவார். வீட்டிலிருந்தவர்களில் பலருக்கு மின்சாரம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் போன முறை எவ்வளவு, இந்த முறை எவ்வளவு என்று பார்த்து, தப்பு இருந்தால் அலுவலகத்துக்கு அட்டையோடு போய் நின்றார்கள். ரேஷன் கார்டும், கேஸ் புத்தகமும் அப்படித்தான் பயன்பட்டன. நமக்கு என்ன தரப்பட்டிருக்கிறது என்பது நம் கையில் எழுத்தில் இருந்தது.

இன்டர்நெட் இணைப்புக்கு மட்டும் அப்படி ஓர் அட்டை கிடையாது. பில்லில் திட்டத்தின் பெயர் இருக்கும், தொகை இருக்கும். உங்கள் லைன் எந்த போர்ட்டில் இருக்கிறது, எந்த புரபைல் போடப்பட்டிருக்கிறது, முதல் நாள் இணைப்பு கொடுத்தபோது டவுன்ஸ்ட்ரீம் ரேட் எவ்வளவு, மார்ஜின் எவ்வளவு, கடைசியாக இவற்றை மாற்றியது எப்போது? இந்த ஐந்து விவரங்களை ஒரு சிறு அட்டையில் எழுதிக் கொடுத்தால் போதும். அல்லது பில்லின் பின்பக்கத்தில் அச்சிட்டால் போதும். அத்தான் வீட்டில் அப்படி ஒன்று இருந்திருந்தால், லைன்மேன் அதில் புதிய போர்ட் எண்ணை எழுதியிருப்பார். முதல் நாளே போனில், "அட்டையில் 41 இருக்கிறது, உங்கள் சிஸ்டத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டிருப்போம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதை நான் அறிவேன். "சாதாரண மக்களுக்கு இது புரியாது" என்பது முதலாவது. மீட்டர் ரீடிங் புரிந்தவர்களுக்கு இதுவும் புரியும். புரியாவிட்டாலும், படித்துக் காட்டச் சொன்னால் படித்துக் காட்டுவார்கள். எண்ணை எண்ணோடு ஒப்பிடுவதற்கு இன்ஜினியரிங் படிக்க வேண்டியதில்லை.

"பாதுகாப்பு" என்பது இரண்டாவது. ரகசியமாக இருக்க வேண்டியது பாஸ்வேர்டு. போர்ட் எண் தெரிந்ததால் யாரும் உங்கள் கணக்கில் நுழைந்துவிட முடியாது. போர்ட் பூட்டு இருப்பதே அதற்குத்தானே.

"வேலைப்பளு கூடும்" என்பது மூன்றாவது. இதை ஓரளவு ஒப்புக் கொள்கிறேன். ஆனால் டிஸ்லாம் தன் ஒவ்வொரு போர்ட்டின் வேகத்தையும் மார்ஜினையும் தானே அளந்து வைத்திருக்கிறது. மோடத்தைத் தூரத்திலிருந்தே செட் செய்யவும், அதன் நிலையைப் படிக்கவும் டி.ஆர்.069 என்ற பொது முறை 2004லேயே வந்துவிட்டது. நிறுவனம் பார்க்க முடிகிற எண்களை வாடிக்கையாளருக்கும் காட்டுவது பெரிய வேலை அல்ல. பதினொரு நாளில் வந்த எட்டுப் போன் அழைப்புகளை விட அது நிச்சயம் குறைந்த வேலை.

மற்ற நாடுகளில் இந்தத் திசையில் நடந்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2008ல் கொண்டு வரப்பட்ட நடைமுறை விதிகளின்படி, உங்கள் லைனில் எவ்வளவு வேகம் வரும் என்று விற்கும்போதே மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். 2019ல் அதை இறுக்கினார்கள். அந்த விதிகளை ஏற்றுக்கொண்ட நிறுவனங்கள், உறுதியளித்த குறைந்தபட்ச வேகம் வராவிட்டால் 30 நாளில் சரி செய்ய வேண்டும். இல்லையென்றால் அபராதம் இல்லாமல் விலகிக் கொள்ளலாம். ஐரோப்பிய யூனியனில் 2015ல் வந்த சட்டம், குறைந்தபட்சம், வழக்கமானது, அதிகபட்சம் என்று மூன்று வேகங்களையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்கிறது.

நம் நாட்டில் பிராட்பேண்ட் என்ற பெயருக்கான குறைந்தபட்ச வேகம் 2004ல் 256 கிலோபிட், 2013ல் 512 கிலோபிட், 2023ல் 2 மெகாபிட் என்று உயர்ந்து வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் நாட்டுக்கே பொதுவான ஒரு எண் அது. என் வீட்டு போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு அது பதில் ஆகாது.

பைபர் வந்தால் தீர்ந்துவிடுமா?

"இப்போது எல்லாம் பைபர் ஆகிவிட்டதே, டி.எஸ்.எல். பற்றி ஏன் பேச வேண்டும்?" என்று சிலர் கேட்பீர்கள். இன்று கொடுக்கப்படும் புதிய இணைப்புகளில் பெரும்பாலானவை பைபர்தான். தூரத்தால் தேயும் பிரச்னையும், மழைநீர் இறங்கிய ஜாயின்ட்டின் இரைச்சலும் பெருமளவு குறைந்துவிட்டன. ஆனால் பதிவேடு அப்படியே இருக்கிறது, பெயர்கள்தான் மாறியிருக்கின்றன. டிஸ்லாம் இருந்த இடத்தில் ஓ.எல்.டி., மோடம் இருந்த இடத்தில் ஓ.என்.டி. போர்ட் பூட்டுக்குப் பதில் ஓ.என்.டி.யின் சீரியல் நம்பர். வி.பி.ஐ., வி.சி.ஐ. இருந்த இடத்தில் வி-லேன் எண்.

இடி இறங்கி ஓ.என்.டி. கெட்டுப் போய், கேபிள்காரர் வேறொன்றை மாட்டிவிட்டுப் போகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். புதிய சீரியல் நம்பரை சிஸ்டத்தில் ஏற்றவில்லை என்றால் நெட் வராது. அத்தான் வீட்டுக் கதையே மறுபடியும் நடக்கும். இதிலும் விளக்குகள் பேசும். எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளிச்சமே வந்து சேரவில்லை, கம்பியில் கோளாறு. பான் விளக்கு விட்டுவிட்டு எரிந்து கொண்டே இருந்தால் பதிவு முடியவில்லை, சீரியல் நம்பரைச் சரி பார்க்கச் சொல்லுங்கள். பான் விளக்கு நிலையாக எரிந்தும் நெட் இல்லை என்றால் வி-லேன் எண்ணையோ, உங்கள் கணக்கையோ பார்க்கச் சொல்லுங்கள். மார்ஜினுக்குப் பதில் இங்கே ஒளியின் அளவைப் பார்க்க வேண்டும். அது மைனஸ் 27ஐ விடக் கீழே இறங்கினால் இணைப்பு அடிக்கடி அறுபடும்.

அட்டை வரும் வரை

நிறுவனங்கள் அட்டை கொடுக்கும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நாமே ஒன்று எழுதி வைத்துக் கொள்ளலாம். இணைப்பு கொடுக்க வரும் ஊழியரிடம் மரியாதையாகக் கேளுங்கள். "அண்ணே, என் லைன் எந்த போர்ட்? எந்த புரபைல்?" என்று கேட்டால், தெரிந்தவர்கள் பெரும்பாலும் சொல்லி விடுவார்கள். நெட் நன்றாக ஓடும் ஒரு நாளில் மோடத்தின் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து, அந்த மூன்று எண்களையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். பைபர் என்றால் ஓ.என்.டி.யின் சீரியல் நம்பரையும் ஒளி அளவையும் எழுதுங்கள். வி.பி.ஐ., வி.சி.ஐ. அல்லது வி-லேன் எண்ணையும் சேர்த்துக் கொள்ளுங்கள். மோடத்தை ரீசெட் செய்து விட்டால் இவை இல்லாமல் திணறுவீர்கள். கேபிள் பழுது பார்த்தாலோ, கருவியை மாற்றினாலோ மறுபடியும் எழுதுங்கள்.

புகார் செய்யும்போது "நெட் வரவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "டி.எஸ்.எல். விளக்கு நிலையாக எரிகிறது, எரர் 691 வருகிறது, பில் கட்டியாகிவிட்டது, போர்ட் பைண்டிங்கைச் சரி பார்க்கவும்" என்று சொல்லுங்கள். "வேகம் 512, மார்ஜின் 24, புரபைலைப் பார்க்கவும்" என்று சொல்லுங்கள். எதிர்முனையில் இருப்பவருக்கும் அது உதவி. புகாருக்குத் தரப்படும் டாக்கெட் எண்ணை மறக்காமல் குறித்துக் கொள்ளுங்கள். 2012ல் டிராய் வெளியிட்ட விதிமுறைகளின்படி அந்த எண்ணைத் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை. தீர்வு கிடைக்கவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அங்கே உங்கள் நோட்டுதான் சாட்சி.

கடைசியாக ஒன்று. யார் சொன்னாலும், முக்கியமான பைல்களை வேறொரு டிரைவிலோ டிஸ்கிலோ காப்பி எடுக்காமல் கம்ப்யூட்டரை பார்மட் செய்யக் கொடுக்காதீர்கள். அக்கா மகள் அந்த புராஜெக்டை இரண்டு வாரம் தூங்காமல் மறுபடியும் செய்து முடித்தாள். இன்று அவளே ஒரு அலுவலகத்தில் நெட்வொர்க் வேலை பார்க்கிறாள். தன் வீட்டு மோடத்தின் அடியில், ஸ்டிக்கருக்குப் பக்கத்தில், போர்ட் எண்ணைப் பேனாவால் எழுதி ஒட்டி வைத்திருக்கிறாள்.